கூடத்தைக் கடக்க நாலு மணி பதினேழு நிமிடம்

எங்கள் வீட்டுக் கூடம் பதினெட்டு அடி. வாசல் பக்க முகப்பிலிருந்து அடுப்படி நிலை வரைக்கும் இரண்டடி டைல்ஸ் ஒன்பது. நான் கால் எட்டி வைத்துக் கடந்தால் எட்டு எட்டு. வாப்பா கடந்தால் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். அடுப்படியில் உம்மா இருக்கும்போதுதான் இப்படி. உம்மா வெளியே எங்காவது போயிருந்தால் அவருக்கும் எட்டு எட்டுதான்.

ஷார்ஜாவில் இருபத்தொரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இனிமேல் ஊரோடு இருக்கப் போகிறேன் என்று வாப்பா வந்து இறங்கிய அன்றைக்கே இது தொடங்கிவிட்டது. திருச்சி விமான நிலையத்திலிருந்து வேனில் மூன்று மணி நேரம் வந்து, தெருவே வாசலில் நிற்க, சலாம் சொல்லி, செருப்பைக் கழற்றி, அடுப்படி நிலையில் நின்றிருந்த உம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி நடக்கத் தொடங்கினார். சாதாரண வேகம்தான், கால் மாறி மாறிப் போகிறது, கை வீசுகிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் இரண்டாவது டைல்ஸ் வரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன், அவர் கை என் கையிலிருந்து வழுக்கி அங்கேயே நின்றுவிட்டது. காலை பத்து மணிக்குக் கிளம்பியவர் டிவியைத் தாண்டும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. உம்மா முன்னால் போய் நின்றபோது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. பிரியாணி ஆறிவிட்டது. பசிக்கவில்லை என்றார், அவருடைய கடிகாரம் இன்னும் ஒன்றரை மணி நேரம் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். வாத்தியார் அடித்தார், வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் கதை கிடையாது. போரடித்தது, விட்டுவிட்டேன். கடைத்தெருவில் ஜபருல்லா காக்காவின் டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறேன், அதனால் தூரமும் நேரமும் எனக்குத் தெரியும். திருச்சிக்கும் ஷார்ஜாவுக்கும் நேர்கோட்டில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிலோமீட்டர். எங்கள் வீட்டில் ஒரு டைல்ஸுக்கு முந்நூற்று இருபத்தைந்து வருகிறது. ஜபருல்லா காக்கா இரண்டு நாள் முகப்பில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தார். அடுப்படிக்கு வர மூன்று ஐம்பத்திரண்டு, அடுப்படியிலிருந்து முகப்புக்குத் திரும்ப நாலு பதினேழு. அந்த இருபத்தைந்து நிமிடம் எதிர்காற்று என்றார். கிழக்கே வருகிற விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளும், மேற்கே போகிற விமானத்தை முன்னாலிருந்து தடுக்கும், இது எல்லா டிக்கெட்டிலும் இருக்கிறதுதானே என்று எழுந்து போய்விட்டார். வாப்பா முகப்புக்குத் திரும்பும்போது சட்டை பின்பக்கம் படபடவென்று அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஃபேன் அணைத்துத்தான் இருந்தது.

சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக் கதவால் வந்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அதையும் செய்து பார்த்தோம். அன்றைக்குச் சந்து நீண்டது, வாப்பாவுக்கு நாய் குரைத்ததுதான் மிச்சம்.

தெரு ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. எங்கள் தெருவில் வெளிநாடு போன சபராளி இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாது, தூரம் என்பது யாருக்கும் புதுசு இல்லை, அது வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். பள்ளிவாசல் அசரத்திடம் வாப்பா ஒரு கேள்வி கேட்டார்: அடுப்படிக்குப் போகும் வழியில் அஸர் தொழுகை நேரம் வந்தால் நாலு ரக்அத்தா, பயணி தொழுவதுபோல இரண்டா? அசரத் இரண்டு நாள் கிதாபு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கூடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, உங்களுக்கு இரண்டு, உங்கள் மகளுக்கு நாலு என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். தெருப் பிள்ளைகள் கூடத்துக்குப் பேர் வைத்தார்கள். ஃப்ரிட்ஜ் இருக்கிற இடம் மங்களூர். டிவி நடுக்கடல். முகப்பு ஓரத்தில் குடை மாட்டுகிற ஆணி மஸ்கட். ஒருநாள் மங்களூரில் தண்ணி கொட்டிவிட்டது, யாரும் வழுக்கி விழாதீங்க என்று உம்மாவே கத்தினாள்.

பேசுவதும் அப்படித்தான். உம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாப்பாவின் முகம் கொஞ்சம் கழித்துத்தான் திரும்பும், அதற்குள் உம்மா அடுத்ததைச் சொல்லிவிடுவாள், இரண்டும் மோதிக்கொள்ளும். கடைசியில் இருவரும் கைப்பேசிக்கே திரும்பினார்கள். அவர் முகப்பில் நாற்காலியில், இவள் அடுப்படியில் முக்காலியில், கழுத்தைத் திருப்பினால் ஒருவரை ஒருவர் பார்க்கலாம், ஆனால் குனிந்து திரையைப் பார்த்து, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்று இருபத்தொரு வருஷமாகக் கேட்டதையே கேட்டார்கள். திரையில் முகம் நன்றாகத் தெரிகிறது என்றும் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

சரி, அடுப்படிக்கு வந்து சேர்ந்தவர் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இங்கே வீடு பெண்ணுடையது, கல்யாணத்துக்குச் சீதனமாக உம்மாவின் வாப்பா எழுதிக்கொடுத்த வீடு இது. இந்த வீட்டில் வாப்பா எத்தனை வருஷம் ஆனாலும் மாப்பிள்ளைதான். உள்பக்கம் முழுக்கப் பெண்கள் புழங்குகிற இடம். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் தெருப் பெண்கள் கறிவேப்பிலைக்கும் கதைக்கும் வந்துகொண்டே இருப்பார்கள், அவர்கள் வரும்போது ஆம்பளை எழுந்து முகப்புக்குப் போய்விட வேண்டும். மற்ற வீட்டு ஆம்பளைகள் எட்டு எட்டில் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் நாலு மணி பதினேழு நிமிடம். அதனால் பக்கத்து வீட்டு மைமூன் லாத்தா இரண்டு கொத்து கறிவேப்பிலை கேட்டு வர நாலரை மணி நேரத்துக்கு முன்னாலேயே போன் பண்ண வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாரம் சிரித்துக்கொண்டே பண்ணினாள். மூன்றாவது வாரம் அடுப்படிக்கு வந்து நின்று, ஏன் ஜொஹரா, உம்புருஷன் ஷார்ஜாவுல இருந்தப்ப எங்களுக்கு இவ்வளவு தூரம் இல்லையேடி என்று கேட்டாள். உம்மா சிரிக்கவில்லை. வாப்பாவோடு பேசிக்கொண்டிருந்த கைப்பேசியை அவள் அணைத்திருக்கவில்லை, அது அவருக்கும் கேட்டுவிட்டது.

அதற்கப்புறம் அவர் வெள்ளிக்கிழமை மட்டும் வந்தார். பிறகு ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி. பிறகு, முட்டி வலிக்கிறது என்றார்.

காரணம் என்ன என்று தெருவில் பலர் பலது சொன்னார்கள். மைமூன் லாத்தா சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பொய் இல்லை. சபுர், அதாவது வெளிநாட்டுப் பயணம், போகிறவர் போவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும், துஆ செய்யுங்க, மனசுல ஏதும் இருந்தா பொறுத்துக்குங்க என்று. வாப்பா அதில் குறை வைத்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் நாற்பது வீடு, பகையாளி வீடு உட்பட. நாற்பதாவது வீட்டில் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேன் ஹாரன் அடிக்கும், ஓடிவந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார். உம்மா அடுப்படியில் இருப்பாள். சொந்தப் பெண்டாட்டியிடம் யார் போய்ப் பயணம் சொல்வது, அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பதினோரு முறை போயிருக்கிறார், பதினோரு முறையும் இப்படித்தான். இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. மற்ற வீட்டு ஆம்பளைகளும் யாரும் சொன்னதில்லை, அவர்கள் வீட்டுக் கூடம் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ எந்திரிச்சுப் போயேன் என்று உம்மாவிடம் நான் முதல் மாதமே சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, போனதும் அவரு, வந்ததும் அவரு, நான் எங்க போனேன் என்றாள்.  ஆனால் முக்காலியை மட்டும், அடுப்பிலிருந்து பார்த்தால் முகப்பு நாற்காலி தெரிகிற மாதிரி நகர்த்திப் போட்டிருந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் முதுகில் ஜன்னல் கதவு இடிக்கும். இடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது மாதம் நெருங்கியது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அங்கத்திய விசா செத்துப்போகும், ஊரோடு இருக்கப் போகிறேன் என்று சொன்ன வாப்பா அதை ரத்து செய்யாமல்தான் வந்திருந்தார். இருபத்தேழாம் தேதி கடைசி. பழைய கம்பெனியிலிருந்து ஃபோர்மேன் போன் பண்ணினார். மறுநாள் வாப்பா டிராவல்ஸுக்கு வந்து என் முன்னால் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தார்.

"இருபத்தேழுக்கு ஒரு சீட்டு போடு."

ரிட்டர்ன் எந்தத் தேதிக்கு என்று கேட்டேன், எல்லோரிடமும் கேட்கிற மாதிரி.

"ஒன்வே போதும்" என்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்ததால் மேலே சொன்னார். "அங்க இருந்தாலும் மூவாயிரம் கிலோமீட்டர், இங்க இருந்தாலும் மூவாயிரம். அங்கனா வேலையாவது இருக்கு. இங்க நான் உக்காந்துக்கிட்டு, அவ உக்காந்துக்கிட்டு... அவளுக்கும் நிம்மதி புள்ள."

போட்டுக் கொடுத்தேன். அவர் போனால் வீடு பழையபடி ஆகிவிடும், கைப்பேசியை வைத்துவிட்டு நடமாடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி உள்ளே தள்ளிவிட்டுப் போனார், யாரோ வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. "இருபத்தேழாம் தேதி போறாரு. ஒன்வே கேட்டாரு."

இருபத்தொரு வருஷத்தில் வாப்பா திரும்பிவரத் தேதி போடாமல் ஒருமுறைகூடப் போனதில்லை. விமானத்தில் காலே வைக்காத உம்மாவுக்குத் திருச்சியிலிருந்து ஷார்ஜா போகிற எல்லா விமானத்தின் நேரமும் மனப்பாடம், டிக்கெட் பற்றி எல்லாம் தெரியும். குழம்பில் கரண்டி நின்றது. கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இங்கேருந்து முகப்புக்கு எவ்வளவு நேரம்?"

"நாலு மணி பதினேழு நிமிஷம்."

"அவரு வர்றதவிடக் கூடவா?"

"எதிர்காத்து."

"எல்லா எதிர்காத்தும் எனக்குத்தான் வச்சிருந்திருக்காங்க" என்றாள். அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் இருபத்தாறாம் தேதி. உம்மா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக பயணம் சொல்லக் கிளம்பினாள். நாற்பது வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி, பயணம் போறேன், துஆ செய்யுங்க, மனசுல ஏதும் இருந்தா பொறுத்துக்குங்க என்றாள். எங்கே பயணம் என்று கேட்டார்கள். முகப்புக்கு என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில், எட்டு வருஷமாகப் பேசாத ஒரு பெரியம்மா, எம்மேல தப்பு இருந்தா நீயும் பொறுத்துக்க என்று அழுது உம்மாவை நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். நான்தான் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

இருபத்தேழாம் தேதி காலையில் உள்பக்கம் கால் வைக்க இடமில்லை. கொல்லைக் கதவு வழியாகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வெறுங்கையோடு ஒருத்தியும் வரவில்லை. சபுர் போகிறவரிடம் சாமான் கொடுத்துவிடுவது எங்கள் ஊரில் நிற்காது, கூடத்தைத் தாண்டினால் என்ன, கடலைத் தாண்டினால் என்ன. வட்லப்பம், பொரித்த இறைச்சி, மாசிச் சம்பல், நார்த்தங்காய் ஊறுகாய், இடியப்ப மாவு இரண்டு கிலோ, எல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டி மேலே வாப்பா பேருக்கு "நெய்னா முகம்மது, முகப்பு" என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. நான் கொண்டு போனால் ஒரு நிமிஷத்தில் கொடுத்துவிடுவேன் என்று சொன்னேன். மைமூன் லாத்தா என்னைக் கொல்லைக்குப் போகச் சொன்னாள். முப்பது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அவளே தராசு கொண்டுவந்து நிறுத்து, இடியப்ப மாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உம்மா ஒரு கறுப்பு அபாயா போட்டிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாப்பா வாங்கி வந்தது, எங்க போட்டுட்டுப் போறது என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். சக்கரம் வைத்த பெட்டியும் அவர் கொண்டுவந்ததுதான், இத்தனை நாள் அதில் போர்வை இருந்தது. சீட்டு இல்லாமல் எப்படிப் போவாள் என்று ஒருத்தி ஆரம்பிக்க எல்லோரும் பிடித்துக்கொண்டதால், டிராவல்ஸிலேயே ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்திருந்தேன்: ஜொஹரா, அடுப்படியிலிருந்து முகப்பு, 2930 கி.மீ., 4 மணி 17 நிமிடம். பாசத்தில் செய்யவில்லை, தொல்லை தாங்காமல் செய்தேன். அவள் அதை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

ஒன்பது மணிக்கு நிலையில் நின்று கைப்பேசியை எடுத்து வாப்பாவைக் கூப்பிட்டாள். பதினெட்டு அடி தள்ளி அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது.

"பயணம் போறேன்" என்றாள். "உங்ககிட்டதான் வர்றேன். இருந்தாலும் சொல்லிட்டுக் கிளம்புறதுதானே மரியாதை."

கைப்பேசியிலும் அது அவருக்குப் போய்ச் சேர வெளிநாட்டு போன் மாதிரி கொஞ்சம் நேரம் ஆனது. சேர்ந்ததும் தெரிந்தது, ஏனென்றால் எழுந்து நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். உம்மா அதற்குள் கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டு, பிஸ்மி சொல்லி, வலது காலை எடுத்து வைத்துவிட்டாள்.

வேன் ஒரு மணிக்கு. அவள் போய்ச் சேர ஒன்று பதினேழு. இந்தக் கணக்கு தெருவில் எல்லோருக்கும் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும்.

நாலு மணி நேரமும் நான் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தேன். முகப்பில் வாப்பா உட்கார்ந்தார், எழுந்தார், பெட்டியின் பூட்டைத் திறந்தார், மூடினார், கண்ணுக்கு முன்னால் ஒரு பெண் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம், எங்க வந்திருக்கா என்று கேட்டார். மங்களூர் தாண்டியாச்சு என்றேன். கால் மணி கழித்து மறுபடி கேட்டார். கடல்மேல என்றேன். சின்ன வயதில் இவர் வருகிற அன்றைக்கெல்லாம் உம்மா என் கையில் கைப்பேசியைக் கொடுத்து, ஃப்ளைட் எங்க வந்திருக்கு, இப்ப எங்க வந்திருக்கு என்று உயிரை எடுப்பாள். ஏழாவது முறை அவர் கேட்டபோது சொல்லிவிட்டேன்: "ஒரு நாளைக்கே இப்படி இருக்கே வாப்பா." அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கூடத்தைப் பார்த்து நேராக உட்கார்ந்துவிட்டார்.

நடுக்கடல் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. அபாயா பின்னால் பறந்தது, முக்காடு இரண்டு முறை விலகி உம்மா இழுத்து இழுத்துச் செருகினாள், ஒருமுறை டிவி ஸ்டாண்டைப் பிடிக்கப் போய் அது பின்னால் போய்விட்டதால் காற்றைப் பிடித்தாள். உள்பக்கம் பெண்கள் ஸலவாத்து ஓதத் தொடங்கினார்கள். தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன், குடித்துவிட்டு, இன்னும் எத்தனை டைல்ஸ் என்று கேட்டாள். மூன்று என்றேன். அட போ என்றாள், ஆனால் நிற்கவில்லை.

ஒரு மணிக்கு வேன் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். பதினோரு முறை அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போய் ஏறியவர், வாசலைப் பார்த்தார், கையைப் பெட்டியின் மேல் வைத்தார். உம்மா மஸ்கட் ஆணிக்கு அந்தப் பக்கம் இருந்தாள், அவள் உதடு வெடித்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது. ஹாரன் மறுபடி அடித்தது. ஷார்ஜா ஃப்ளைட்டைப் பிடிக்க வேண்டாமா, வழியில ரயில்வே கேட் இருக்குங்க என்று டிரைவர் கத்தினான். வாப்பா பெட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்று பதினேழுக்கு உம்மா வந்து நின்றாள். முடி கலைந்து, கண் சிவந்து, பெட்டியின் ஒரு சக்கரம் எங்கோ கழன்றுபோய். வாப்பா அவளைப் பார்த்தபடி எழுந்து ஏதோ சொன்னார், எப்போதும் போல வாய்க்குள்ளேயே.

"காது அடைச்சிருக்கு" என்றாள் உம்மா. "ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

ஒவ்வொரு முறை வரும்போதும் விமானத்தில் காது அடைப்புக்குக் கொடுக்கிற மிட்டாயைச் சேர்த்துவைத்து எனக்குக் கொண்டுவந்தவர் அவர். சட்டைப் பையைத் தடவினார், ஒன்றும் இல்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். உம்மா தலையை ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டினாள். வாசலில் தெரு ஆம்பளைகள், கொல்லையில் நாற்பது வீட்டுப் பெண்கள், வேனில் டிரைவர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"போகல" என்று கத்தினார். "நான் போகல ஜொஹரா. எங்கயும் போகல."

வெளியே வேன் என்ஜின் நின்றது. உம்மா நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கத்துறீங்க" என்றாள். "பக்கத்துலதானே இருக்கேன்."

தூரம் போய்விட்டதா என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். போகவில்லை. மறுநாள் காலையில் நானே நேரம் வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள், இரண்டு மணி இரண்டு நிமிடத்தில் சந்தித்துவிடுகிறார்கள். அதற்காக டிவியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டு அந்த இடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். வாப்பா அடுப்படி வரைக்கும் வருவதில்லை என்பதால் மைமூன் லாத்தாவும் போன் பண்ணாமல் வந்து போகிறாள்.

இப்போது மணி பதினொன்று. உம்மா உலையை இறக்கிவைத்துவிட்டு அந்தப் பக்கமிருந்து கிளம்பிவிட்டாள், வாப்பா இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு மணிக்கு நடுக்கடலில் சாப்பாடு. மீனைப் பொரித்துச் சூடாகக் கொண்டு போக வேண்டியது நான்தான். வேறு யாருக்கு இந்த வீட்டில் எட்டு எட்டு.